இரண்டாம் பாகத்தில் சிரிப்பு எங்கே தொலைகிறது?

நாகர்கோவில் பக்கத்துத் தோல்பாவைக்கூத்தில் ராமாயணம் ஒரே ராத்திரியில் முடிவதில்லை. நாளுக்கு ஒரு பகுதியாக நடக்கும். ராமன் காட்டுக்குப் போகிற நாளானாலும் சரி, ராவணன் சீதையைத் தூக்கிக்கொண்டு போகிற நாளானாலும் சரி, உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற இரண்டு கோமாளிப் பாவைகளும் வந்துவிடுவார்கள். நேற்று வந்த அதே இருவர், அதே மூஞ்சி, அதே மல்லுக்கட்டு. ஆனாலும் அவர்கள் நிழல் திரையில் விழுந்ததும் தூங்கி வழிந்த பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்துவிடும். நாம் கவனிக்க வேண்டியது திரைக்குப் பின்னால் இருக்கிறது. எல்லாப் பாவைக்கும் குரல் கொடுப்பவர் ஒரே ஆள். சீதை அழுவதும் உளுவத்தலையன் ஏசுவதும் ஒரே தொண்டையிலிருந்துதான்.

காமெடிப் படத்துக்கு அடுத்த பாகம் எழுத உட்காருகிறவர்கள் இந்தத் தொண்டையை மறந்துவிடுகிறார்கள். சிரிக்க வைக்க நான்கு நடிகர்கள், அழ வைக்க ஒரு அம்மாவோ குழந்தையோ என்று டிஸ்கஷன் அறையிலேயே பங்கு பிரித்துவிடுகிறார்கள். படம் வந்த பிறகு "காமெடி ஓகே, சென்டிமென்ட் ஒட்டல" என்று ரசிகர்கள் சொல்வது இந்தப் பங்கு பிரிப்பைத்தான். முதல் பாகத்தில் ஒரு பாத்திரம் எந்தக் குறையால் நம்மைச் சிரிக்க வைத்ததோ, அந்தக் குறையிலிருந்துதான் இரண்டாம் பாகத்தின் கண்ணீரும் வர வேண்டும். வேறு இடத்திலிருந்து கொண்டுவந்தால் ஒட்டாது.

இதைப் பேசக் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த மண் இது. மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் மலையாளப் படத்துக்கு டப்பிங்கும் வேண்டாம், சப்டைட்டிலும் வேண்டாம். அதனால் இரண்டு மொழித் தொடர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

மலையாளத்தில் 'நாடோடிக்காற்று' (1987), 'பட்டணப்பிரவேசம்' (1988), 'அக்கரே அக்கரே அக்கரே' (1990) மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மோகன்லாலும் சீனிவாசனும் தாசன், விஜயன். மூன்றுக்கும் திரைக்கதை சீனிவாசன்; முதல் இரண்டை சத்யன் அந்திக்காடும் மூன்றாவதைப் பிரியதர்ஷனும் இயக்கினார்கள். முதல் படத்தில் இருவருக்கும் இருந்த சின்ன வேலையும் போய்விடுகிறது. கடன் வாங்கிப் பசு மாடு வாங்குகிறார்கள், அதுவும் காலை வாரிவிடுகிறது. துபாய்க்குக் கள்ளத்தோணி ஏறுகிறார்கள். தோணிக்காரர் இறக்கிவிடுவது சென்னைக் கரையில். அரபு உடுப்பைப் போட்டுக்கொண்டு கரையேறியவர்கள் சுற்றிலும் தமிழ் எழுத்தைப் பார்த்து விழிக்கிற காட்சிக்கு இன்றைக்கும் தியேட்டர் அதிரும். அந்தச் சிரிப்புக்குக் கீழே கிடப்பது பசி. துபாய் வந்துவிட்டோம், இனிக் கஷ்டம் தீர்ந்தது என்று அவர்கள் மனப்பூர்வமாக நம்பியதால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது.

படம் முடியும்போது இருவருக்கும் போலீஸ் வேலை கிடைத்துவிடுகிறது. அடுத்த பாகம் எழுதுகிறவருக்குச் சிக்கல் அங்கே ஆரம்பம். பசி தீர்ந்தவனை வைத்து அதே சிரிப்பை எழுப்ப முடியாது. பட்டதாரி தாசன், அந்த அளவு படிக்காத விஜயன் என்று அவர்களுக்குள் இருந்த ஏற்றத்தாழ்வு மட்டும் தீராமல் மிச்சம் இருந்தது. அந்த இழுபறிதான் அடுத்த இரண்டு படத்தையும் இழுத்துக்கொண்டு போனது. இரண்டும் நன்றாகவே சிரிக்க வைக்கின்றன. ஆனால் நெஞ்சில் தங்குவது முதல் படம்தான் என்பேன், காரணம் அந்த வயிற்றுப் பசி.

ஆகவே அடுத்த பாகத்துக்கு ஒன்லைன், அதாவது ஒரு வரிக் கதை, பிடிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. முதல் பாகத்தை இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை, சிரிப்பு வந்த ஒவ்வொரு இடத்தையும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதுங்கள். இரண்டே கால் மணி நேரக் காமெடிப் படத்துக்கு நாலைந்து பக்கம் வரும். இரண்டாம் தடவை, ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த ஆள் அந்த நேரத்தில் எதற்குப் பயந்தான், எதற்கு ஆசைப்பட்டான், எதை மறைத்தான் என்று ஒரே ஒரு சொல் எழுதுங்கள். கடன், மானம், தனிமை, பொறாமை இப்படி. எழுதச் சொல் கிடைக்காத சிரிப்புகளும் இருக்கும். வழுக்கி விழுவது, வார்த்தை மாறிப் போவது போன்றவை. அவற்றை அடித்துவிடுங்கள், புதிதாகவே எழுதிக்கொள்ளலாம். மிச்சமுள்ள சொற்களில் எது அதிகத் தடவை வருகிறதோ அதுதான் அந்தத் தொடரின் வேர். அந்த வேர் முதல் பாகக் கிளைமாக்ஸில் அறுந்துபோய்விட்டதா, பாதி மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறக்க வேண்டும்.

வேர் இருந்தால் மற்ற எதையும் மாற்றலாம் என்பதற்கு இந்தியில் வந்த 'முன்னாபாய்' படங்கள் நல்ல சான்று. முதல் படம் 2003, நம்மூருக்கு 2004-இல் 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' ஆக வந்தது. இரண்டாவது 2006. இரண்டாம் படத்தில் முதல் படத்தின் காதலி இல்லை, மருத்துவக் கல்லூரி இல்லை, அப்பா அம்மா இல்லை. முதல் படத்தில் டீனாக வந்த போமன் இரானியே இதில் வேறொரு ஆளாக வருகிறார். கதைத் தொடர்ச்சி என்று பார்த்தால் ஒன்றுமே கிடையாது. ஆனால் ரௌடி முன்னாவும் அவன் கூட்டாளி சர்க்யூட்டும் இருக்கிறார்கள், முன்னா சொல்லும் பொய்யும் இருக்கிறது. முதலில் அப்பாவிடம் டாக்டர் என்று பொய்; அடுத்து விரும்புகிற பெண்ணிடம் பேராசிரியர் என்று பொய். பொய்யைக் காப்பாற்ற அவன் படும் பாடு சிரிப்பு, பொய்யை ஒத்துக்கொள்ள வேண்டி வருகிற நேரம் கண்ணீர். இரண்டுக்கும் மூலம் ஒன்றே என்பதால்தான் இரண்டாம் படத்தில் முன்னாவின் கண்ணுக்குக் காந்தி வந்து நின்றபோதும் யாருக்கும் அந்நியமாகப் படவில்லை.

எதிர்ப்பக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 'முனி' (2007), 'காஞ்சனா' (2011), பிறகு 2015, 2019 என்று ராகவா லாரன்ஸின் வரிசையில் சிரிப்பு ஒரு பாத்தி, உருக்கம் ஒரு பாத்தி. பேய்க்குப் பயப்படுகிற நாயகன், அவனுடைய அம்மாவாகக் கோவை சரளா, வீடு முழுக்க ஓட்டம். பின்னால் பேயின் பிளாஷ்பேக்கில் நெஞ்சைப் பிழியும் கதை. 'காஞ்சனா'வில் சரத்குமார் திருநங்கையாக வந்த பகுதிக்கு இருந்த கனம் அசலானது, தமிழ் வணிகப் படத்துக்கு அது பெரிய காரியமும்கூட. ஆனால் பாத்தி பிரித்த அமைப்பு ஒன்றிரண்டு தடவைக்குத்தான் தாங்கும். மூன்றாம் தடவை வரும் ரசிகனுக்குப் பிளாஷ்பேக் எந்த நிமிஷத்தில் தொடங்கும் என்று தெரிந்துவிடுகிறது, அழுவதற்கு அவன் முன்கூட்டியே தயாராகிவிடுகிறான். தயாராக இருப்பவனை உலுக்குவது கடினம்.

இனி ஓர் உதாரணத்தைக் கட்டிப் பார்ப்போம், முழுக்கக் கற்பனை. இரணியல் பக்கம் இரண்டு கூட்டாளிகள், கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறார்கள். ஒருவன் கணக்கன், ஒருவன் டிரைவர். முதல் பாகத்தில் ஓடுகிற காமெடி ஒரு சின்ன வரிதான்: சடங்கு முடிந்து வார்ப்பு, சருவம், வாளி, கரண்டி எல்லாம் வேனில் ஏற்றும்போது கணக்கன் எண்ணிவிட்டு "ஒண்ணு குறையுது" என்பான். முதல் தடவை, குறைந்த கரண்டி டிரைவர் கையில் இருக்கிறது, பிரதமன் பாயசம் வழித்துக்கொண்டிருக்கிறான். அடுத்த கல்யாணத்தில், குறைந்த சருவத்தை யாரோ கோழியைக் கவிழ்த்து மூட எடுத்துப் போயிருக்கிறார்கள். மூன்றாவதில் பாத்திரம் சரியாக இருக்கிறது. வேனில் ஏற வேண்டிய மாப்பிள்ளையின் பாட்டியை மண்டபத்திலேயே விட்டுவிட்டார்கள். பத்து நிமிஷ இடைவெளியாவது விட்டு இந்த மூன்றும் வர வேண்டும். மூன்றிலும் வரி ஒன்று, குறைகிற பொருள் வேறு.

அவன் ஏன் இப்படி எண்ணுகிறான்? சின்ன வயதில் அப்பா வாடகைக்கு எடுத்த பாத்திரத்தில் ஒன்று தொலைந்து, அதற்கு ஈடாக அம்மாவின் செம்புக்குடத்தைக் கொடுக்க வேண்டி வந்தது. முதல் பாகத்தில் இதை ஒரே ஒரு வாக்கியமாக, நூறாவது நிமிஷம் வாக்கில், போகிற போக்கில் சொன்னால் போதும். பிளாஷ்பேக் வேண்டாம். சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்துவிடும். கையில் இருப்பதை இழந்துவிடுவோமோ என்ற பயம், அதுதான் வேர்.

இப்போது இரண்டாம் பாகம். கணக்கனுக்கு மூன்று வேன், எண்ணுவதற்குப் பையன்கள். கடன் இல்லை. காசுத் தகராறில் டிரைவர் பிரிந்துபோய்த் தனியாகத் தொழில் செய்கிறான். பெரும்பாலும் எழுதப்படுவது எப்படி என்றால், முதல் சீனிலேயே கணக்கன் வருவான், பழைய பி.ஜி.எம். அடிக்கும், "ஒண்ணு குறையுது" என்பான், விசில் பறக்கும். அடுத்த அரை மணி நேரத்தில் அதையே மூன்று தடவை சொல்லுவான். நாலாவது தடவை அரங்கில் சத்தம் இருக்காது. காரணம், கடன் தீர்ந்த ஆள் பாத்திரம் குறைகிறது என்று சொல்லும்போது அவன் இழக்க அங்கே எதுவும் இல்லை. வரி இருக்கிறது, பயம் இல்லை.

மாற்றி எழுதிப் பார்க்கலாம். முதல் முக்கால் மணி நேரம் கணக்கன் அந்த வரியைச் சொல்லவே கூடாது. பையன்கள் அவனைப் போலச் சொல்லிச் சிரிக்கட்டும், பெண்டாட்டி சொல்லட்டும். ரசிகன் காத்திருப்பான். இரண்டாம் பாதியில் கணக்கனின் மகள் கல்யாணம். விடியற்காலை மூன்று மணி, அடுக்களைப் பந்தல். அடுப்பு எரிகிற சத்தம், பின்னால் எங்கோ தேங்காய் துருவுகிற சத்தம். ஒரு பையன் ஓடி வந்து, "அண்ணாச்சி, எண்ணம் சரியாட்டு இருக்கு" என்கிறான். கணக்கன் பாத்திரங்களைப் பார்க்கிறான், பந்தலைப் பார்க்கிறான். "இல்ல மக்ளே, ஒண்ணு குறையுது." பையனுக்குப் புரியவில்லை, மறுபடி எண்ணப் போகிறான். கணக்கன் அப்படியே நிற்கிறான்.

இங்கே ஆறு முதல் எட்டு நொடி வரை இசை கூடாது. அடுப்புச் சத்தமும் துருவல் சத்தமும் மட்டும். நாலு நொடியில் வெட்டினால் யாரைச் சொல்கிறான் என்று ரசிகனுக்கு எட்டாது. பத்துக்கு மேல் போனால் அடுத்து வருவது தெரிந்துவிடும். பிறகு தேங்காய்க் குவியலுக்குப் பின்னாலிருந்து டிரைவரின் குரல்: "நூறு தேங்காண்ணு சொன்னல்லா லேய், எண்ணிப் பாத்தியா? தொண்ணூத்தொம்பதுதான் கெடக்கு." ராத்திரி பன்னிரண்டு மணிக்கே கூப்பிடாமல் வந்து உட்கார்ந்து துருவிக்கொண்டிருந்திருக்கிறான். கட்டிப்பிடிக்க வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். கணக்கன் போய்ப் பக்கத்தில் இன்னொரு துருவியை இழுத்துப் போட்டால் போதும்.

இது வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. துருவல் சத்தம் சீனின் முதல் ஷாட்டிலிருந்தே கேட்க வேண்டும். டிரைவர் பேசுவதற்குச் சற்று முன்னால் அதைச் சேர்த்தால் ஏமாற்றியது போல இருக்கும். ஆர்.ஆர். என்கிற பின்னணி இசைச் சேர்ப்பு நடக்கும்போது இசையமைப்பாளர் அந்த எட்டு நொடியில் புல்லாங்குழல் வைத்துவிடாதபடி ஸ்கிரிப்டிலேயே "இசை இல்லை" என்று எழுதிவிடுவது நல்லது. டிரைவர் பேசும்போது "டொய்ங்" வகைச் சத்தமும் ஆகாது. அது ரசிகனுக்கு இங்கே சிரி என்று உத்தரவு போடுவது.

பழைய வரிகளையும் பழைய சேட்டைகளையும் எத்தனை தடவை கொண்டுவரலாம் என்பதில் என் கணக்கு ஐந்து, அதற்கு மேல் வேண்டாம். அதில் ஒன்று, கடைசிக்கு வைத்திருக்கும் வரியாக இல்லாமல் வேறொரு பழைய சேட்டையாக, அறிமுகத்தில் விசிலுக்காகப் போகட்டும், ரசிகனுக்கு அந்த மரியாதை உண்டு. இரண்டாவது மூன்றாவது வேறு வாயிலிருந்து வரட்டும். ஒன்று தோற்றுப்போக வேண்டும், அதாவது பழைய உத்தி இப்போது பலிக்காமல் போக வேண்டும். கடைசி ஒன்றை உருக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாகம் பார்க்காதவனுக்கும் அந்த வரி சாதாரண வசனமாக அர்த்தம் தர வேண்டும். "ஒண்ணு குறையுது" என்பதை யார் கேட்டாலும் புரியும், அதனால்தான் அந்த வரி. உள்ளர்த்தம் தெரிந்தால்தான் புரியும் என்ற வசனம் பாதி அரங்கை வெளியே நிறுத்திவிடும்.

வருஷ இடைவெளியை மறைக்கப் பார்ப்பது இன்னொரு பெரிய தவறு. மலையாள இயக்குநர் இரட்டையர் சித்திக்-லால் 1990-இல் எடுத்த 'இன் ஹரிஹர் நகர்' படத்தின் அடுத்த பாகம் 19 வருஷம் கழித்து, 2009-இல், லாலின் இயக்கத்தில் வந்தது. நடிகர்கள் முகேஷ், சித்திக் (இயக்குநர் அல்ல, அதே பெயர் கொண்ட நடிகர்), ஜகதீஷ், அசோகன் நால்வரும் திரும்ப வந்தார்கள். இருபது சொச்ச வயதில் பெண் பின்னால் சுற்றுவது வேடிக்கை. நாற்பதைத் தாண்டி அதையே செய்தால் பார்க்கிறவருக்குச் சங்கடம். அவர்களைக் குடும்பமும் தொழிலும் உள்ளவர்களாக்கி, பழைய தெருவில் மறுபடி கூட வைத்தது சரியான முடிவு. 'சென்னை 600028' (2007) பையன்களும் 2016-இல் கல்யாணம், வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலைமை என்று வந்தார்கள். வயதால் வந்த மாற்றத்தைப் படம் முதலில் தானே சொல்லிவிட வேண்டும். தொப்பையை ரசிகன் பார்ப்பதற்கு முன்னால் நண்பன் பார்த்துக் கேலி செய்துவிட்டால், அதன் பிறகு அது ஒரு குறையாகத் தெரியாது.

பட்ஜெட் கூடியதும் காமெடி நடிகர்களின் எண்ணிக்கை கூடுகிறது. ஒரு சீனில் ஏழு பேர் நின்று ஆளுக்கொரு கவுண்டர், அதாவது பதிலடி வசனம், கொடுப்பார்கள். எழுதும்போது பக்கம் நிறைந்திருப்பது போலத் தெரியும், எடிட் டேபிளில் உட்கார்ந்தால் ஒவ்வொரு கவுண்டரும் முந்தைய கவுண்டரின் சிரிப்பைத் தின்றிருக்கும். ஒரு சீனில் சிரிக்க வைப்பவர் அதிகபட்சம் மூன்று பேர் இருக்கட்டும், கூடவே அதை முழுக்க நம்புகிற ஒரு ஆள். அந்த ஆள்தான் தூண். 'நாடோடிக்காற்று' படத்தில் திலகன் ஏற்ற அனந்தன் நம்பியார் இந்த இரண்டு அப்பாவிகளையும் நிஜ சி.ஐ.டி. என்று நடுங்குகிறார், ஒரு இடத்தில்கூடத் தான் காமெடி செய்வதாகக் காட்டிக்கொள்வதில்லை. அந்த நடுக்கத்தை எடுத்துவிட்டால் படத்தின் பாதிச் சிரிப்பு போய்விடும்.

நம் மாவட்டத்துப் பேச்சை வைத்துச் செய்யும் காமெடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒருவன் "வெள்ளம்" என்று தண்ணீர் கேட்டதற்கே சிரிக்க வைக்கப் பார்ப்பது ஒரு தடவைக்கு மேல் எடுபடாது, இரண்டாம் பாகத்தில் அது வெறும் எள்ளல். விளவங்கோட்டுப் பேச்சும் தோவாளைப் பேச்சும் ஒன்றில்லை, கடற்கரைப் பேச்சு இரண்டிலும் சேராது. பாத்திரம் எந்த ஊர் என்று தீர்மானித்து, அந்த ஊர்க்காரர் ஒருவரை டப்பிங் முடியும் வரை கூட வைத்துக்கொள்ளுங்கள். "-ல்லா", "-ஆட்டு" இரண்டையும் எல்லா வாக்கியத்திலும் தூவினால் வட்டார வழக்கு வந்துவிடாது. கோபத்திலும் செல்லத்திலும் அது எங்கே விழுகிறது என்று தெரிய வேண்டும்.

ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் 'கிந்தனார்' காலட்சேபத்தை ('நல்லதம்பி', 1949) இந்த வேலையில் இருக்கிறவர்கள் ஒரு தடவை ஊன்றிக் கேட்க வேண்டும். நந்தனார் கதையின் சாயலில், படிக்க ஆசைப்பட்ட ஒரு சேரிப் பையனின் கதை. காலட்சேபக்காரர்களின் பாணியைப் பிடித்துச் சிரிக்க வைத்துக்கொண்டே போவார், அந்தச் சிரிப்பு நிற்காமலேயே பையன் படுகிற வேதனையும் நமக்குள் இறங்கிவிடும். இனி உருக்கம் ஆரம்பம் என்று குரலை மாற்றுகிற இடமே இருக்காது.

எடிட்டிங்கில் மூன்று இடங்களில் கை வைக்க வேண்டிவரும். பெரிய சிரிப்புக்குப் பிறகு இரண்டு நொடியாவது வசனம் இல்லாமல் விடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வசனம் அரங்கச் சத்தத்தில் முங்கிவிடும். ஆனால் அந்த இரண்டு நொடி சும்மா கிடந்தால் வீட்டில் போனில் தனியாகப் பார்ப்பவனுக்கு இழுவையாகத் தெரியும். ஒருவர் எழுந்து போவது, கதவு மூடுவது என்று ஏதாவது செயலால் நிரப்புங்கள். அடுத்து, பெரிய உருக்கக் காட்சி ஒன்றுதான் இருக்க வேண்டும், மூன்று நிமிஷத்துக்குள். சின்னது இரண்டு இருக்கலாம், ஒவ்வொன்றும் ஒரு நிமிஷத்துக்குள். கிளைமாக்ஸுக்கு முன்னால் இரண்டு பெரிய அழுகை வந்தால் இரண்டாவதற்கு யாரும் அழுவதில்லை. மூன்றாவது, ஸ்பாட்டில் நடிகர் தானாகச் சேர்த்த வசனங்கள். ஷூட்டிங்கில் யூனிட் முழுக்கச் சிரித்திருக்கும், அதனால் வெட்ட மனம் வராது. அந்த வசனம் வேரைத் தொடுகிறதா என்று நோட்டைப் பார்த்து முடிவெடுங்கள்.

முதல் பாகத்தில் இருந்த ஒருவர் காலமாகியிருந்தால் அவரைப் போலவே பேசுகிற இன்னொருவரைத் தேட வேண்டாம். அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியை ஒரு ஷாட்டில் காட்டினால் ஜனங்களுக்குப் புரியும்.

ஸ்கிரிப்ட் முடிந்ததும், ஷூட்டிங்குக்கு முன்னால், எட்டுப் பேரை உட்கார வைத்து முழுசாகப் படித்துக் காட்டுங்கள். நாலு பேர் முதல் பாகத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்களாகவும் நாலு பேர் பார்க்காதவர்களாகவும் இருக்கட்டும். படிக்கிறவர் நடித்துக் காட்டக் கூடாது, நடிப்பு எழுத்தின் ஓட்டையை மூடிவிடும். இன்னொருவர் ஓரமாக உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்திலும் குறித்துக்கொண்டே வரட்டும்: சத்தமாகச் சிரித்தார்களா, புன்னகையோடு நின்றதா, அசைவே இல்லையா. இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில் சிரித்தால் அந்த இடத்தைத் தொடாதீர்கள். பழைய ரசிகர்கள் மட்டும் சிரித்த இடம் ஐந்துக்கு மேல் போனால் அங்கெல்லாம் புதிதாக எழுத வேண்டும். பார்க்காதவர்கள் மட்டும் சிரித்த இடத்தில் பழையவர்களிடம் காரணம் கேளுங்கள்; பெரும்பாலும் "அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லியே" என்பார்கள். அப்போது அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு முதல் நோட்டுக்குத் திரும்பிப் போய், அந்த ஆளுக்கு எதிரே என்ன சொல் எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.